சட்டை இல்லாத சிப்பாய்கள்

சினிமாக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் பெங்களூரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள். ஆற்காடு எல்லையில் பதினெட்டாம் நூற்றாண்டில் நடக்கிற ஒரு கோட்டைச் சண்டையைப் படமாக எடுக்கிறார்களாம். உடையிலும் ஆயுதத்திலும் தப்பு வரக் கூடாது, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். வைட்ஃபீல்ட் ஆபீசில் இயக்குநர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

அந்த வணக்கத்தை நம்பி மழைக்காலம் முழுக்க உழைத்தேன். கோட்டைக்குச் சம்பளத்துக்கு இருந்த காலாட்கள் திரி வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். பஞ்சு வைத்துத் தைத்த அங்கி போட்டார்கள், முண்டாசு கட்டினார்கள். பழைய ஓவியங்களைக் காட்டி இதையெல்லாம் விளக்கினேன். காஸ்ட்யூம் ஆட்களோடு சிவாஜிநகரில் கடை கடையாக ஏறித் துணி எடுத்தேன். அங்கிகள் அழகாகத் தைத்து வந்தன.

ஓசூர் ரோட்டைத் தாண்டி ஒரு பழைய கல்குவாரியில் ஷூட்டிங். காலையிலேயே போனேன். கதாநாயகன் கையில் இருந்த கத்தியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐரோப்பியப் போர்வீரன் இரண்டு கையாலும் பிடிக்கிற நேரான வாள். உடம்பில் கறுப்பு ரெக்சின் கவசம், தோளில் ஆணி. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன்.

மேக்கப் கூடாரத்தில் ஒரு உதவி இயக்குநர் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். பெரும்பாலும் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்த தமிழ் ஆட்கள். முகத்தைப் பார்ப்பான், "நீ ராஜா பக்கம்" என்பான். அவனுக்குச் சட்டை, தலைப்பாகை. இன்னொருவனைப் பார்த்து, "நீ சாகற பக்கம்." கோட்டைக் காலாளாக வரும் அவனுக்குக் கோவணம், மூங்கில் ஈட்டி. ஏற்கெனவே கறுத்த உடம்பின்மேல் இன்னும் கறுப்புச் சாயம்.

சாயம் பூசிக்கொண்டிருந்த ஒருவர் என்னைக் கேட்டார். நடு வயசு, நரைத்த மீசை.

"மேடம், அந்தக் காலத்துல எங்க ஆளுங்களுக்கு மட்டும் துணியே கிடையாதா?"

நேராகக் காஸ்ட்யூம் வேனுக்குப் போனேன். நான் எடுத்த துணியில் தைத்த அங்கிகள் கட்டுக் கட்டாக அப்படியே கிடந்தன. துணி இல்லாமல் இல்லை. வாரிக்கொண்டு வந்து அவர்களிடம் கொடுத்தேன்.

"போட்டுக்குங்க. இதுதான் உங்க டிரெஸ்."

போட்டுக்கொண்டார்கள். இயக்குநர் மானிட்டரிலிருந்து ஓடிவந்தார்.

"மேடம், என்ன பண்றீங்க? இவங்க சாகறப்ப ஆடியன்சுக்குப் பாவமா இருக்கக் கூடாது. சட்டை போட்டா மனுஷனாத் தெரிவான். துப்பாக்கி குடுத்தா ஹீரோ கத்திக்கு என்ன வேலை?"

"அப்ப என்னை எதுக்குய்யா கூப்பிட்டீங்க?"

"உங்க பேரு வேணும் மேடம். நாளைக்கு எவனாவது தப்புன்னா, புரொஃபசர் பார்த்தாங்கன்னு சொல்லலாம்ல."

கூசாமல் சொன்னார். அதற்குள் உதவி இயக்குநர் எல்லோரையும் கழற்றச் சொல்லிவிட்டான். அன்றைய கூலி போய்விடும், பாவம், ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். மீசைக்காரர் மட்டும் கழற்றவில்லை.

"வெய்யில்ல நிக்கச் சொல்லு, நிக்கறேன். விழச் சொல்லு, விழறேன். சட்டையோட விழறேன்."

அவரை வெளியே அனுப்பினார்கள். நானும் கிளம்பினேன். மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது அவர் கையிலும் கழுத்திலும் சாயம் பட்ட இடமெல்லாம் தடித்திருந்தது. என் தண்ணீர் பாட்டிலை வாங்கித் தேய்த்துக் கழுவிக்கொண்டார்.

என் பெயரைப் போடக் கூடாது என்று கம்பெனிக்கு எழுதினேன், போன் செய்தேன். ஆகட்டும் மேடம் என்றார்கள். படம் வந்தது. 'வரலாற்று ஆலோசனை' என்று என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு ஓடிடியில் மட்டும் பெயரை எடுத்தார்கள். அதற்குள் ஊரே பார்த்துவிட்டது.

படம் வந்த மறுவாரமே வகுப்பில் ஒரு மாணவி பெருமையோடு எழுந்தாள். "மேம், உங்க பேரு பார்த்தேன்! அந்தக் காலத்துல சோல்ஜர்ஸ் எல்லாம் காட்டுவாசி மாதிரிதான் இருப்பாங்களா?"

அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை மூடி வைத்தேன். அந்தப் படம் சொன்ன பொய்யை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வதிலேயே பீரியட் முடிந்துபோனது. மணி அடித்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இதை எழுதும்போதும் அடங்கவில்லை.