போறேன்

அம்மா இறந்த மறுமாதம் நான் சேலையூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். "எவ்ளோ நாள் வேணும்னாலும் இரு. இது உன் வீடு" என்றான் அண்ணன். நானும் இருந்தேன். சொன்னதை நம்புவது ஒரு குற்றமா?

ஒருநாள் அண்ணி, "கூடுவாஞ்சேரில லேடீஸ் ஹாஸ்டல் நிறைய வந்திருக்காம். சாப்பாடும் நல்லா இருக்காம்" என்றாள். "நல்லதுதானே அண்ணி" என்றேன். இன்னொரு நாள், "பாப்பா வளந்துட்டா, தனி ரூம் கேக்குறா" என்றாள். "இந்த வயசுல எல்லாரும் கேக்குறதுதான் அண்ணி" என்று சமாதானம் சொன்னேன். வீட்டு விஷயமெல்லாம் என்னிடம் பேசுகிறாளே என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

எனக்கு ஆட்டிசம். முப்பது வயதுக்கு மேல்தான் டாக்டர் சொல்லித் தெரிந்தது. சுற்றி வளைத்துப் பேசினால் எனக்குப் பிடிபடாது, எதுவானாலும் நேராகச் சொல்லிவிடுங்கள் என்று இருவரிடமும் அப்போதே கெஞ்சியிருந்தேன். தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலையும் நான் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அண்ணன் வெடித்தான். "ஜாடைமாடையா எவ்ளோ தடவ சொல்றது? புரியாத மாதிரி நடிக்காத."

"நான் போகணுமாண்ணா? ஆமான்னா ஆமான்னு சொல்லு."

"நான் அப்படிச் சொன்னேனா?" என்றான். அண்ணி குனிந்த தலை நிமிராமல் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குத்தான் புரியாதாம். புரிகிற மாதிரி சொல்ல இவர்களுக்குத் துப்பில்லை. நான் போய்விடவும் வேண்டும், போகச் சொன்னவர்கள் என்ற பெயரும் வரக்கூடாது. மந்தம் என்ற பட்டம் மட்டும் எனக்கு.

அந்த வாரமே ஹாஸ்டலில் இடம் பிடித்தேன். ஆட்டோ வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு, "போறேன்" என்றேன்.

அண்ணி பதறிவிட்டாள். "ஐயோ, வாசல்ல நின்னு அப்படிச் சொல்லாத. போயிட்டு வரேன்னு சொல்லு."

பால் பாக்கெட் வாங்கப் போனால்கூட நான் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போவேன். திரும்பி வருவேன் என்று பொருள். அது எனக்கு நன்றாகவே புரியும்.

"என்னை வரச் சொல்றீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஆட்டோவைப் பார்த்தான்.

"போறேன்" என்றேன் மறுபடியும்.