கோர்ட் வராந்தாவில் குடித்த டீ

இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதிய பயணங்கள் எல்லாம் நானாக ஆசைப்பட்டுப் போனவை. இந்தப் பயணம் கூப்பிட்டதால் போனது. தை மாதக் கடைசியில் பட்டுக்கோட்டை கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போனேன். வராவிட்டால் பிடிவாரண்டு வரும் என்று சம்மன் கொண்டுவந்த போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் முறைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. நான் ஒரு கோர்ட் சீரியலுக்கு வசனம் எழுதும் மூன்று பேரில் ஒருத்தி. வாரத்துக்கு நாலு கோர்ட் சீனாவது எழுதுவேன், ஆனால் இந்தப் பயணம் வரை நிஜக் கோர்ட்டுக்குள் கால் வைத்ததே கிடையாது. "கோர்ட் சீன் நிஜம் மாதிரியும் இருக்கணும், பார்க்கிறவங்க சேனலை மாத்தவும் கூடாது, அதுக்கு என்ன வழி?" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அப்போதெல்லாம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இதுதான் ஒழுங்கான பதில்.

சம்மன் வந்த கதை இது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேராவூரணிப் பக்கம் சுற்றப் போனபோது, சாலையோரம் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு தேங்காய் மண்டி. உள்ளேயிருந்து தாடிக்கார ஆள் ஒருவர் கத்திக்கொண்டே வந்து, தேங்காய் உரித்துக்கொண்டிருந்த தொழிலாளியின் வலது கையில் அரிவாளால் வெட்டினார். வெட்டுப்பட்டவர் பெயர் முருகையன். வெட்டியவர் மண்டிக்காரரின் மைத்துனர் ராமலிங்கம் என்று பிறகு தெரிந்தது. மண்டியில் வேலை செய்த அத்தனை பேரும் தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இளநீர்க் கடைக்காரரும் அப்படியே. முருகையன் சொல்வதை ஆமோதிக்க வெளியாள் நான் ஒருத்திதான் மிச்சம்.

எனக்கு இருந்த பெரிய பயம் இதுதான். அரிவாள் ஞாபகம் இருக்கிறது, ரத்தம் ஞாபகம் இருக்கிறது. அந்த முகம் ஞாபகம் இருக்குமா?

எங்கள் கதை இலாகாத் தலைவி சுகந்தி அக்கா லீவு கொடுக்கும்போது, "நல்லதாப் போச்சுடி, அடுத்த சீசனுக்கு மெட்டீரியல் எடுத்துட்டு வா" என்று அனுப்பிவைத்தார்.

எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது தஞ்சாவூர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் குளித்து உடை மாற்ற மூன்று மணி நேரத்துக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கினார்கள். ஆதாரைப் பார்த்த லாட்ஜ்காரர், "தனியா வந்திருக்கீங்க, என்ன விஷயமா?" என்றார். பெரிய கோயில் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். யார் யாருக்குச் சொந்தமோ, யார் கண்டது? பாவம், நல்ல மனிதர். கீழே இறங்கியதும் ஆட்டோவைக் கூப்பிட்டு, "மேடத்தைக் கோயில் வாசல்ல விட்டுடு" என்று ஏற்றியும்விட்டார். எழுபது ரூபாய் கொடுத்துக் கோயில் வாசல் வரை போய், இன்னொரு எழுபது கொடுத்துத் திரும்பி வந்தேன். பயந்தவளுக்குச் செலவு ஜாஸ்தி.

பட்டுக்கோட்டை பஸ் ஏழேகாலுக்குக் கிளம்பியது. ஒரத்தநாடு வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடது பக்க ஜன்னல் கிடைத்தது. சம்பா அறுவடை முடிகிற சமயம். அறுப்பு மெஷின்கள் வயலில் நின்றன, பாதிச் சாலையை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள், டிரைவர் திட்டிக்கொண்டே மீதிப் பாதியில் ஓட்டினார். வேறு நாளாக இருந்தால் நூறு படம் எடுத்திருப்பேன். அன்றைக்கு போனைக் கையில் பிடித்திருந்ததோடு சரி. பின் சீட்டுக்காரர் இருமினாலும் திரும்பிப் பார்த்தேன். ஒரத்தநாட்டைத் தாண்டியதும் வயல் குறைந்து தென்னந்தோப்புகள் வர ஆரம்பித்தன. தென்னையைப் பார்த்ததும் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன்.

கோர்ட் பத்தரைக்குத்தான். ஒன்பதரைக்கே போய்விட்டேன். என்னை வாசலில் சந்திப்பதாகச் சொன்ன கோர்ட் போலீஸ்காரர் இன்னும் வரவில்லை, அரசு வழக்கறிஞரும் வரவில்லை. வராந்தா முழுக்க ஜனம். எங்கே நிற்பது என்று தெரியாமல் முழித்தபோது, பெஞ்சில் இருந்த ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

"இப்படி உக்காருங்கம்மா. அந்தப் பக்கம் செத்த நேரத்துல வெயில் வந்துரும்."

நாற்பத்தைந்து வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, மழுமழுவென்று ஷேவ் செய்த முகம். எந்த ஊர் என்றார். சென்னை, சாட்சி சொல்ல வந்தேன் என்றேன். மூன்று மணி நேரமாக யாரிடமும் வாய் திறக்காமல் வந்தவளுக்கு, அன்பாக ஒரு குரல் கேட்டதும் அணை உடைந்துவிட்டது. சீரியலுக்கு எழுதுகிறேன் என்பதுவரை சொன்னேன்.

அவர் சிரித்தார். "எங்க வூட்லயும் பாக்குறாங்க. அதுல ஜட்ஜய்யா சுத்தியல வச்சு தட்டுறாரு. இங்க ஏதும்மா சுத்தியலு? வக்கீலு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகிட்டே கத்துறாரு. இங்க கத்துனா வெளிய போன்னுடுவாங்க. நெசத்துல வாய்தாதான். வருவோம், பேரக் கூப்பிடுவாங்க, அடுத்த தேதி குடுப்பாங்க, போவோம். அதை எவன் டிவில பாப்பான்?"

இதைவிட நல்ல மெட்டீரியல் சுகந்தி அக்காவுக்கு எங்கே கிடைக்கும்? ஆர்வமாகக் கேட்டுக்கொண்டேன். டவாலி மூன்று தரம் பேரைக் கூப்பிடுவார், அதற்குள் போய் நிற்க வேண்டும், பாத்ரூம் போவதானால் இப்போதே போய்விட்டு வாருங்கள் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார். என்ன கேஸ் என்று கேட்டார். பேராவூரணிப் பக்கம் ஒரு வெட்டு கேஸ் என்றேன். "ஓ" என்றார். எழுந்து போய் எனக்கும் அவருக்கும் டீ வாங்கி வந்தார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

டீயைக் குடித்துக்கொண்டே நான் சொன்னேன்: "ஆளை ஞாபகம் இருக்குமான்னே பயமா இருக்குங்க."

"பயப்படாதீங்க. தெரிஞ்சா தெரியும்னு சொல்லுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. யாரு என்ன செய்யப் போறா?" என்றார். அவ்வளவு இதமாக அந்த வாரத்தில் யாரும் என்னிடம் பேசவில்லை.

பதினோரு மணி சுமாருக்கு டவாலி வாசலில் நின்று கூப்பிட்டார். "ராமலிங்கம்... ராமலிங்கம்... ராமலிங்கம்..."

என் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். காலி டம்ளரை பெஞ்சுக்கு அடியில் வைத்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பயத்தில் கை கால் விறைக்கும் என்று நூறு தரம் எழுதியிருக்கிறேன். எனக்குக் கை வேர்த்து டீ டம்ளர் வழுக்கியது. பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் தரம் கூப்பிட்டது என் பெயர்தான் என்று எனக்குப் புரியவேயில்லை.

உள்ளே எல்லாம் சின்னதாக இருந்தது. நான் நின்ற இடத்துக்கும் ராமலிங்கம் நின்ற இடத்துக்கும் பத்தடி இருக்கும். எங்கள் செட்டில் இந்தத் தூரம் நாற்பதடி. மின்விசிறிச் சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுத்தேன். அரசு வழக்கறிஞர் கேட்கக் கேட்க, மண்டி, இளநீர், அரிவாள் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசுவதை நீதிபதி கேட்டு, நிறுத்தி, சுருக்கி டைப்பிஸ்டுக்குச் சொன்னார். நான் நடுங்கி நடுங்கிச் சொன்னது அங்கே ஒரு வரியாகிப் போனது.

"வெட்டினவர் இங்க இருக்காரா?"

"இவர்தான்" என்று கை நீட்டினேன். சீரியலில் இந்த இடத்தில் இசை எழும்பும், ஆறு முகங்களைக் காட்டுவோம். இங்கே டைப் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ராமலிங்கம் காதோரம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கத்தவில்லை. "அம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"இன்னிக்குக் காலைல வராந்தாவுல இவர் பக்கத்துல உக்காந்திருந்தீங்களா?"

"ஆமாங்க."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல."

"இவர் வாங்கிக் குடுத்த டீயைக் குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"ஆளை ஞாபகம் இருக்குமான்னு பயமா இருக்குன்னு இவர்கிட்டயே சொன்னீங்களா?"

அரசு வழக்கறிஞர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நீதிபதியும் பார்த்தார். நான் ராமலிங்கத்தைப் பார்த்தேன். காலையில் பார்த்த அதே முகம், அதே பணிவு. அந்த முகத்தில் தாடியை வைத்துப் பார்த்தேன், கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். அரிவாளோடு வந்தவர் இவர்தான் என்று ஒரு நொடி தோன்றியது, அடுத்த நொடி பெஞ்சில் இடம் விட்டவர் மட்டுமே தெரிந்தார். இல்லவே இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம். வராந்தாவில் யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்? அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் உறுதிமொழி எடுத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எனக்கு அதுவும் பயமாக இருந்தது.

"சொன்னேன்" என்றேன்.

"அப்ப இவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஐயா, வெட்டினதை நான் பார்த்தேன். அது சத்தியம். இவர் பேரைக் கூப்பிட்டப்ப எழுந்து போனதையும் பார்த்துட்டேன். அதைப் பார்த்ததால இவர்னு சொல்றேனா, அன்னிக்குப் பார்த்த ஞாபகத்துல சொல்றேனா... எனக்கே பிரிக்கத் தெரியலைங்க."

நீதிபதி டைப்பிஸ்டுக்குச் சொன்னார். வெட்டியவரை என்னால் உறுதியாக அடையாளம் காட்ட இயலவில்லை என்ற மாதிரி ஒரு வரி. கையெழுத்துப் போட்டேன். உள்ளே இருந்தது இருபது நிமிஷம்கூட இராது.

வாசகர்களின் கேள்விக்கு வருகிறேன். கோர்ட் கதையை நிஜமாக்க வேண்டுமானால் சுத்தியலைத் தூக்கிப் போடுங்கள், சத்தத்தைக் குறையுங்கள், பத்தடி தூரத்தில் நிற்க வையுங்கள். வாதியும் எதிரியும் சாட்சியும் ஒரே வராந்தாவில், ஒரே டீக்கடையில் காத்துக் கிடப்பதைக் காட்டுங்கள். பார்க்கிறவர்கள் சேனலை மாற்றாமல் இருக்க, கேட்கும் கேள்வியால் யாருக்கு என்ன போகும் என்று அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் "டீ குடிச்சீங்களா" என்ற கேள்வியே நடுங்க வைக்கும். சுகந்தி அக்காவிடம் இதைச் சீனாக எழுதிக் கொடுத்தேன். "எதிரி போய்ச் சாட்சிக்கு டீ வாங்கித் தருவானா? யாருடி நம்புவா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கு: முந்தின நாளே போய்த் தங்குங்கள், என்னைப் போல ரயிலிலிருந்து நேராக ஓடாதீர்கள். சாட்சிப் படி உண்டு, டிக்கெட்டை வைத்திருந்து கேட்டு வாங்குங்கள். தண்ணீர், பிஸ்கட் கொண்டுபோங்கள். அரசு வழக்கறிஞர் வரும்வரை கேஸைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் உங்களுக்கு எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் சரி.

இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடிக்க முடியவில்லை. வெளியே வந்ததும் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

படிக்கட்டில் முருகையனும் அவர் மனைவி வசந்தாவும் நின்றிருந்தார்கள். முருகையனின் வலது கை விரல்கள் பாதிதான் மடங்கின. வசந்தாதான் பேசினார்.

"காலைலேர்ந்து எதுத்தாப்புல தூணுகிட்டதாங்க நின்னோம். நீங்க அந்தாளுகூட சிரிச்சுப் பேசிகிட்டு டீ குடிச்சீங்க. உங்களையும் பேசி முடிச்சுட்டாங்கன்னு நெனச்சோம். அதான் கிட்ட வரல."

"அவர் யாருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"தெரியுது. உள்ள நின்னு நீங்க சொன்னதக் கேட்டப்பதான் புரிஞ்சுது" என்றார் அவர். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கேட்டுக்கு வெளியே ஒரு கார் நின்றது. அதன்மேல் சாய்ந்து நாலைந்து பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆட்டோ தேடியதைப் பார்த்து முருகையன் முதல்முறையாக வாயைத் திறந்தார். "தனியாப் போவாதீங்க, நாங்க ஏத்திவுடுறோம்." இரண்டு பேரும் எனக்கு இரண்டு பக்கமும் நடந்து வந்தார்கள். காரைத் தாண்டும்போது வசந்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பேருந்து நிலையத்தில் தஞ்சாவூர் பஸ்ஸில் என்னை உட்காரவைத்துவிட்டு, கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழேயே நின்றார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் எப்படித் திரும்பிப் போவீங்க? அவங்க நிக்கிறாங்களே?" என்று கேட்டேன்.

வசந்தா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார், வெயிலுக்கு.

"நீங்க பத்திரமாப் போங்க. எங்களுக்கு அதே ஊருதான, அதே தெருதான. அவங்களத் தாண்டித்தான் தெனம் தண்ணிக்குப் போவணும்."

பஸ் நகர்ந்தது. அவர்கள் வந்த வழியே திரும்பி நடந்தார்கள்.