முட்டியளவு தண்ணீர்

எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் நிற்காது. பட்டாபிராமில் யார் வீடு வாங்க வந்து விசாரித்தாலும் எங்கள் தெருக்காரர்கள் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். பக்கத்துத் தெருவில் நிற்கும், அதற்கடுத்த தெருவில் இடுப்புவரை வரும், எங்கள் தெருவில் மட்டும் வந்த வழியே போய்விடும். பக்கத்துத் தெருவில் போய்க் கேட்டால் அவர்கள் எங்களைக் கைகாட்டி இதையே சொல்வார்கள். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. எல்லோருக்கும் சொந்த வீடு, என்றைக்காவது விற்க வேண்டி வரலாம். அதனால் ஒரு வீடு விலைக்கு வந்துவிட்டால், போன வாரம்வரை அந்த வீட்டுக்காரரோடு சாக்கடைக்காகச் சண்டை போட்டவர்கூட வாசலில் நின்று, "தண்ணியா? இங்கயா?" என்று ஆச்சரியப்படுவார்.

உண்மையில் எங்கள் தெருவில் தண்ணீர் வரும். பெருமழை என்றால் வீட்டுக்குள்ளேயே முட்டியளவு வரும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் படியேறிப் போன எங்கள் வீட்டுக்கு இப்போது படியிறங்கிப் போக வேண்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கண்ணில் படாத சில அடையாளங்கள் எங்கள் வீடுகளில் உண்டு. பிளக் பாயிண்ட் எல்லாம் நெஞ்சுயரத்தில் இருக்கும். பிரிட்ஜ் செங்கல்மேல் நிற்கும். பீரோவின் கீழ்த்தட்டில் யாரும் எதுவும் வைப்பதில்லை. ஹாலில் பாதிச் சுவர்வரை டைல்ஸ் ஒட்டியிருப்போம். பார்க்கிறவர்கள் அழகுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வீட்டை விற்பது என்று முடிவானதற்குக் காரணம் என் வீட்டுக்காரருக்கு வந்த நெஞ்சுவலி. ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஒரே மகன் சிட்டிக்குள்ளே கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறான். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் என்று போனில் சொன்ன ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கிளம்பி, ஆவடி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம். தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டி முடித்து, முன்னால் நின்ற தண்ணி லாரிக்காரனையும் திட்டி முடித்தேன். அப்போது இவர் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டு, "இப்ப தேவலாம், திரும்பிடலாமா?" என்றார். வாயு. டாக்டரும் எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

ஆனால் மகன் பயந்துவிட்டான். அவன் இருக்கும் அடுக்குமாடியிலேயே மூன்றாவது மாடியில் ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. "இதை வித்துட்டு அங்க வந்துடுங்கப்பா. மீதிக்கு நான் லோன் போட்டுக்கறேன்" என்றான். அவன் வாய் மூடுவதற்குள் இவர் சரி என்று தலையாட்டிவிட்டார். அடுத்து இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சரி என்றேன். அன்றைக்கு ஆட்டோவில் அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்த பிறகு வேறென்ன சொல்வது? ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் அவருக்குத் தைரியமாக இருக்கும், அதற்காகத்தான் இவ்வளவு வேகமாகத் தலையாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு சிட்டியில் குடியிருக்கப் பிடிக்காது. தெரியாமல் சொல்லவில்லை, பிறந்து வளர்ந்ததே சிந்தாதிரிப்பேட்டையில்தான். ஆறு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். காலையில் பக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டு, அதை யாரும் நகர்த்தாமல் இருக்க ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும். உள்ளே போனால் வெளியே தட்டிக்கொண்டே இருப்பார்கள். கல்யாணமாகி இங்கே வந்தபோது நான் முதலில் திறந்து பார்த்தது பாத்ரூமைத்தான். உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. தட்டுவதற்கு ஆள் இல்லை. எனக்கு இந்த ஊர் அன்றைக்கே பிடித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து வந்தவர், ரிட்டயர் ஆகும்வரை அங்கேயேதான் வேலை பார்த்தார். ஊரைப் பற்றி ஏக்கமாகப் பேச மாட்டார். "அங்க பொழுதும் போகாது, பஸ்ஸும் வராது" என்பார். ஆக, சிட்டியிலிருந்து ஒருத்தியும் கிராமத்திலிருந்து ஒருத்தரும் ஓடிவந்து நடுவில் பிடித்த இடம் இது.

நான் இன்னும் பாரிமுனையில் ஒரு மொத்தக் கடையில் வேலை செய்கிறேன். சாயந்திரம் சென்ட்ரலில் ரயில் ஏறினால் வில்லிவாக்கம்வரை நசுங்கிக்கொண்டு நிற்பேன். அம்பத்தூரில் கூட்டம் இறங்கும், உட்கார இடம் கிடைக்கும். ஆவடி தாண்டிவிட்டால் காலை நீட்டிக்கொள்ளலாம், காற்றும் வரும். எனக்கு சிட்டி வேண்டும். சம்பளத்துக்கு வேண்டும், புடவைக்கு வேண்டும், வாய்க்கு ருசியாக எதையாவது வாங்கித் தின்ன வேண்டும். ஆனால் பொழுது சாய்ந்ததும் அதை விட்டுவிட்டு வர ஓர் இடமும் வேண்டும். அங்கேயே குடியிருந்தால் எதை விட்டுவிட்டு எங்கே வருவது?

கீழ்ப்பாக்கத்து வீட்டைப் பார்க்கப் போனோம். வீடு நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் பால்கனியில் துணி காயப்போடக்கூடாதாம். மொட்டைமாடிக்குப் பூட்டு, சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம். விடிந்து வெளிச்சம் வருவதற்கு முன் மிக்ஸி போடக்கூடாதாம். இருட்டோடு இருட்டாகச் சட்னி அரைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் பழகியவள் நான். எதற்கெடுத்தாலும் யாரையாவது கேட்க வேண்டும் என்றால் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கெட் வரிசைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இவர் பால்கனியில் நின்று எதிர்க் கட்டடத்தின் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "நல்லா காத்து வருது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே ஒரு காற்றும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். காட்டுப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வாத்தியார், சாதுவான மனிதர். அந்தம்மாள் கெட்டிக்காரி. சுவரில் தண்ணீர் நின்ற கறைக்கு என் வீட்டுக்காரர் தன் கையாலேயே பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். அந்தம்மாள் அதைப் பார்க்கவில்லை, ஆனால் நேராகக் கேட்டாள். "மழைக்குத் தண்ணி நிக்குமாங்க?"

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், விற்கிறவளிடம் கேட்டு என்ன பிரயோஜனம் என்று தோன்றியதோ என்னவோ, விறுவிறுவென்று எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். எதிர்வீட்டு அக்கா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் மோட்டார் தண்ணீரில் ஆரம்பித்து குப்பைத்தொட்டிவரை சண்டை போடாத விஷயமே இல்லை. நான் ஜன்னலோரம் நின்று, இன்றைக்காவது இந்தப் பொம்பளை உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "இன்னாத்த கேக்கற? தண்ணியா? நா கல்யாணம் கட்டிகினு வந்த நாள்லேர்ந்து இங்கதான் கீறேன். ஒரு சொட்டு உள்ள வந்தது கெடையாது. அந்தாண்ட தெருவுல போய்ப் பாரு, அங்க கப்பலே வுடலாம்."

அவ்வளவு அழகாக யாராலும் பொய் சொல்ல முடியாது. அந்தம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நல்ல நாள், தட்டில் வைத்து டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எப்டி சொன்னேன் பாத்தியா?" என்று பெருமையாகக் கேட்டார். காபி கொடுத்தேன். அதை அவர் தலையில் கொட்டியிருந்தாலும் என் ஆத்திரம் தீர்ந்திருக்காது. பாதி குடித்துவிட்டு அவரே சொன்னார். "நீ பாட்டுக்குப் போய்ட்டேனா நா யார்கூட சண்ட போடறது? புச்சா வர்றது வாத்தியார் ஊடாம். எதிர்த்துப் பேசவே பேசாதுங்க." சொல்லிவிட்டு மீதிக் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். நான் உள்ளே சர்க்கரை எடுக்கப் போகிறவள் போலப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று பலமுறை வாயெடுத்தேன். அவர் நெஞ்சில் கையை வைத்துத் தடவுவதைப் பார்த்ததும் அடங்கிவிடுவேன். அவரும் சரியாகப் பேசவில்லை. போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவதும், திரும்பி வந்து டிவியை வெறித்துப் பார்ப்பதுமாக இருந்தார். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கேசரி கிளறினேன். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் எல்லாம் தட்டில் வைத்தாயிற்று. சொன்ன நேரம் தாண்டியும் ஆளைக் காணோம். அப்புறம் போன் வந்தது. இவர் எடுத்து, "சரிங்க. பரவால்லங்க. அதுல என்ன இருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"வேணாம்னுட்டாங்க" என்றார். "தண்ணி நிக்கும்னு தெரிஞ்சிடுச்சாம்."

எனக்கு அப்படியே உடம்பு லேசாகிவிட்டது. முகத்தில் தெரிந்துவிடும் என்று அடுப்படிக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்தேன். சத்தம் வராமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது, வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

மகனுக்குத்தான் கோபம். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவன் கத்தியது தெருவுக்கே கேட்டது. "யாரும்மா சொன்னது? அந்த எதிர்வீட்டு ஆன்ட்டிதானே? உங்களுக்கும் அவங்களுக்கும்தான் ஆகாதே."

கேட்டுவிட்டது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து எங்கள் ஹாலில் நின்றார். "நானா? நானா சொன்னேன்? எங்கம்மா மேல சத்தியமா, கப்பல் வுடலாம்னு அடுத்த தெருவத்தான் சொன்னேன். நாளைக்கு என் ஊட்ட விக்க வேணாமா எனக்கு? சொந்த வாயில யாருனா மண்ண அள்ளிப் போட்டுக்குவாங்களா?" அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவுக்காகப் பொய் சொல்லி, அதற்கும் பழி வாங்கிக்கொண்டால் யாருக்குத்தான் வராது?

என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. சொன்னது நான்தான்."

பிறகு நடந்ததை அவரே சொன்னார். முந்தின நாள் கொல்லைப்பக்கம் போய் நின்று அந்த வாத்தியாருக்குப் போன் செய்திருக்கிறார். முட்டியளவு வரும் என்று சொல்லியிருக்கிறார். வாத்தியார் நம்பவில்லை. தெருவே தண்ணீர் நிற்காது என்கிறதே, கூட விலைக்கு வேறு ஆள் கிடைத்து நம்மைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறாரோ என்று சந்தேகப்பட்டிருக்கிறார். அதனால் போன பெருமழைக்கு நான் எடுத்த போட்டோவை அனுப்பியிருக்கிறார். கட்டிலில் சம்மணம் போட்டு இவர் டீ குடித்துக்கொண்டிருக்க, கட்டிலுக்குக் கீழே எங்கள் சொம்பும் செருப்பும் மிதந்துகொண்டிருக்கும் போட்டோ.

"பொய் சொல்லித் தள்ளிவுட்டுட்டு அங்க போய் எப்படிம்மா தூங்கறது? அந்தப் பொண்ணு கடன் வாங்கி வாங்குது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்க்காமல், "அதுவும் இல்லாம, எனக்கு அங்க வர இஷ்டமில்ல" என்றார்.

"அப்போ அன்னைக்கு எதுக்குச் சரின்னீங்க?"

"நீ தினம் ரயில்ல நசுங்கி வர்றியே. அங்கேருந்து உனக்கு வேல கிட்டதானே. நீ ஒடனே சரின்னவுடனே, இவளுக்கும் சிட்டிக்குப் போகணும்னு ஆசபோலன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நான் உங்க நெஞ்சுவலிக்காகச் சரின்னேன்" என்றேன். "எனக்கு அந்த வீட்டைப் பார்த்தாலே மூச்சு முட்டிச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். இத்தனை நாளாகக் காணாமல் போயிருந்த முகம் அப்போதுதான் அவருக்குத் திரும்பி வந்தது.

போனில் மகன் ஈனஸ்வரத்தில், "அப்பா, மறுபடியும் நெஞ்சுவலி வந்தா?" என்றான்.

"ஆவடியிலயே ஆஸ்பத்திரி இருக்குதுடா. வாயுவுக்கு எதுக்குடா கீழ்ப்பாக்கம்?" என்றார் இவர். அவனும் சிரித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறேன், போன் அடித்தால் உடனே எடுக்க வேண்டும் என்று கண்டிஷன் போட்டுவிட்டு வைத்தான்.

அக்கா மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. "நா விக்கசொல்லோ உங்க ஊட்டுக்காரர எங்கனா வெளியூருக்கு அனுப்பிடு" என்றார். நான் கேசரியைத் தட்டில் நிறையப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், தொடாமல் கிடந்த வெற்றிலை பாக்கைப் பார்த்தார்.

"ஊடுதான் விக்கலயே. அப்பால கேசரி இன்னாத்துக்கு?"

"எங்க ஊட்ட நாங்களே வாங்கிகினோம்க்கா" என்றேன். "சாப்பிடு."