பத்து வீட்டுத் தலைவனின் கையெழுத்து

ரங்கூனில் லான்மடாவ் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி எங்களுடையது. தொண்ணூறுகளின் நடுவில் என்னைப் பத்து வீட்டுத் தலைவனாகப் போட்டார்கள். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளம் கிடையாது, உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது. ஆனால் அந்தப் பத்து வீட்டில் எவர் வீட்டுக்காவது வெளியூர்க்காரர் வந்து ஓர் இரவு தங்குவதென்றால் வார்டு ஆபீசில் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டில் முதல் கையெழுத்து என்னுடையது. கலியாணம், காரியம், பூசை என்று ஐந்து பேருக்கு மேல் கூடினாலும் என்னிடம்தான் வர வேண்டும். பிள்ளை பிறந்தாலும் நான், ஆள் செத்தாலும் நான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வார்டுத் தலைவரை நாங்கள் ஒக்கட்டா என்போம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பர்மாக்காரர். "கலாக்காரங்க விவகாரம் உன் பாடு, எனக்குத் தலைவலி கொண்டுவராதே" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கலா என்றால் இந்தியாக்காரன், வேறென்ன. அவர் தொல்லை விட்டது என்றுதான் அப்படிச் சொன்னார். நானோ அதைக் கர்த்தரே என் கையில் கொடுத்த ஊழியமாக எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் நான் எங்கள் தமிழ்ச் சபையில் மூப்பர். வெள்ளை முழுக்கைச் சட்டை, கையில் பெரிய பைபிள், நடையில் ஒரு மிடுக்கு. அந்த நாள் போட்டோவைப் பார்த்தால் எனக்கே அறையலாம் போல இருக்கிறது.

அப்போது எங்கள் சபைக்குப் பெரிய மனக்குறை ஒன்று இருந்தது. எங்கள் வேதக்கோவிலை ஒட்டி ஒரு கொட்டகை போட எத்தனை முறை மனுப் போட்டாலும் அனுமதி வரவில்லை. "விசுவாசிகளை ஒடுக்குகிறவர்களின் மனதைத் திருப்பும் ஆண்டவரே" என்று வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டில் இருபது பேர் கூடி அழுது ஜெபித்தோம். இருபது பேர்! அதற்கு யார் அனுமதி கொடுத்தது? நான்தான். அதே வாரம் முதல் மாடி வீட்டார் ஆடிக் கூழ் ஊற்ற வேண்டுமென்று வந்து நின்றபோது, "அஞ்சு பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு தெரியாதா?" என்று கேட்டேனே, அது எந்த வாய்? இதே வாய்தான். வெட்கங்கெட்டவன்.

எதிர் வாசல் வீடு என் சிநேகிதனுடையது. சின்ன வயதிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள். போட்டாதாங் துறையில் கப்பலில் சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டினான். முருக பக்தன். மூப்பர் குடிக்கக் கூடாது என்பதால் நான் என் வீட்டில் குடிப்பதில்லை, அவன் வீட்டில் குடிப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் முருகன் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு கிளாஸ் ரம். கிளம்பும்போது ஏலக்காய் எடுத்துக் கொடுத்து, "மூப்பரே, ஊதுங்க பாப்போம்" என்று என் வாயை மோந்து பார்த்து, "ம், நாளைக்குப் பிரசங்கம் பண்ணலாம்" என்று அனுப்பிவைப்பான். இருபது வருஷம் ஒருத்தரிடம் மூச்சுவிடவில்லை. அப்படிப்பட்ட மனுஷன்.

ஒரு மழைக்காலத்தில் துறையிலேயே விழுந்தான். வலப்பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். "சாப்பிடுறீங்களான்னாலும் ஆட்டுறாரு, வேண்டாமான்னாலும் ஆட்டுறாரு, நான் எதைன்னு எடுத்துக்கறது அண்ணே?" என்று அவன் மனைவி என்னிடம் அழுதாள். ஒன்றே ஒன்றுதான் அவனுக்குத் தெளிவாகக் கேட்கத் தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த அவன் அண்ணன் போட்டோவை இடது கையால் காட்டுவான். காட்டிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பான்.

அந்த அண்ணன் மௌல்மீனில் இருந்தார். தாய் தகப்பன் இல்லாமல் இவனை வளர்த்து ஆளாக்கியவர். முன்பொரு தடவை ரங்கூனில் சீட்டு இல்லாமல் உறவுக்காரர் வீட்டில் தங்கி, பிடிபட்டு, மூன்று நாள் லாக்கப்பில் கிடந்தவர். அதிலிருந்து அவருக்குக் காக்கிச் சட்டையைக் கண்டாலே உதறல். போன் கடையிலிருந்து தம்பி மனைவி பேசியபோது, "சீட்டு கையில இருக்குன்னு சொல்லும்மா, அடுத்த ரயில்ல ஏறிடுறேன்" என்றாராம்.

புதன்கிழமை அவள் அந்தச் சீட்டுக்கான காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். ஒரு நிமிஷ வேலை. பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது.

நான் கையெழுத்துப் போடவில்லை. "போதகர் பெகுவுக்குப் போயிருக்கிறார், சனிக்கிழமை வந்துவிடுவார். அவர் வந்து ஜெபம் பண்ணி, இவன் ஆத்துமாவுக்கு ஒரு வழி பண்ணட்டும். அப்புறம் சீட்டு" என்றேன்.

"அதுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாகப்போற நேரத்துல சாமியில்லாத கல்லைக் கும்பிட்டுச் சாகட்டுங்கறியா? நான் அவனுக்கு நல்லதுதாம்மா பண்றேன்" என்று கத்தினேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காகிதத்தை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

நல்லது என்று நான் நம்பினேனா? நம்பினேன், அதில் பொய்யில்லை. அவன் நரகத்துக்குப் போய்விடுவான் என்று எனக்கு உண்மையாகவே பயம் இருந்தது. ஆனால் அந்த வருஷம் எங்கள் சபையில் ஒருவர்கூடப் புதிதாகச் சேரவில்லை, வருஷாந்திரக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல ஒன்றுமில்லை என்பதும் என் மனதில் இருந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, அதற்கு அன்பு என்று பேர் வைத்தேன்.

சனிக்கிழமை போதகர் வந்தார். நான் அந்தக் காகிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். பதிலும் தெரியும், சொல்லத்தான் வாய் கூசுகிறது. போதகர் குனிந்து, "இயேசுவை உன் இரட்சகராக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டார். அவன் அவரைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே தலையாட்டினான். ஒரு தரமில்லை, நாலைந்து தரம் வேகவேகமாக. போதகர் "அல்லேலூயா" என்றார். தண்ணீர் தெளித்தார். முருகன் காலண்டரை நானே என் கையால் கழற்றி மடித்து அவன் மனைவியிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவன் கட்டில் ஓரத்திலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வார்டு ஆபீசுக்கும் போன் கடைக்கும் ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் அவன் இரட்சிக்கப்பட்டதை நான் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் உயிர் போய்விட்டது. அண்ணன் அப்போது மௌல்மீனில் அன்றிரவு ரயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

இனிச் சொல்லப்போவதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. இறப்புப் பத்திரத்தில் மதம் என்ற இடத்தில் கிறிஸ்து மதம் என்று எழுதினேன். அப்படி எழுதினால் சுடுகாடு கிடையாது, எங்கள் கல்லறைத் தோட்டம்தான். அவர்கள் குடும்பத்தில் யாரையும் புதைத்ததில்லை, எரிப்பதுதான் வழக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வைங்கண்ணே, அவங்க அண்ணன் வந்து மொகம் பாத்துடட்டும்" என்று அவள் என் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். உடம்பு தாங்காது என்றேன். மழைக் குளிரில் தாங்கியிருக்கும். அண்ணன் வந்தால் எரிக்க வேண்டும் என்று சண்டை பிடிப்பார், பிடித்த ஆளை விட்டுவிடக் கூடாது என்ற அவசரம் எனக்கு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் புதைத்துவிட்டோம். பாட்டு நன்றாகப் பாடினார்கள்.

அண்ணன் மத்தியானம் வந்தார். துணிப்பை ஒன்று, குடை ஒன்று. மூன்று மாடி ஏறி வந்த மூச்சு அடங்குமுன்னே விஷயத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கத்துவார், அடிப்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "பேச்சே போனவன் எப்படிங்க ஐயா ஆமான்னு சொன்னான்?" என்று மட்டும் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். தலையாட்டினான் என்றேன். அன்று சாயங்கால ரயிலிலேயே திரும்பிவிட்டார். நான் போட்ட கையெழுத்தில் அவர் ஓர் இரவுகூடத் தங்கவில்லை.

வருஷாந்திரக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். போர்த்திக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லையே, பாவி.

இரண்டு மாதம் கழித்து அவள் வந்தாள். குடும்பப் பட்டியலிலிருந்து செத்தவர் பேரை எடுக்க வேண்டும், அதற்கும் என் கையெழுத்துத்தான். நான் அவன் பேரை அடித்துவிட்டுப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"என் பேருக்கு நேரா இந்துன்னு இருக்குல்லண்ணே, அதையும் மாத்திடுங்க" என்றாள்.

"ஏம்மா?"

"நான் செத்தா என்னை எரிச்சிடுவாங்க. அவரு அங்க தனியாக் கெடக்காரு. என்னையும் உங்க வேதத்துல சேத்து எழுதிட்டீங்கன்னா அவருகிட்டயே போட்டுடுவாங்கள்ல?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அவள் முன்னால் அழுதிருக்கலாம். சபையில் சேர்ந்தால்தான் அங்கே இடம் கொடுப்பார்கள் என்று விதிமுறையை எடுத்துச் சொன்னேன். சரியென்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஞானஸ்நானம். போதகர் ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டு முடிக்குமுன்னே அவள் தலையாட்டினாள். சபை முழுக்க எழுந்து நின்று ஸ்தோத்திரம் என்றது. நானும் சொன்னேன்.