பங்களாத் தோட்டத்து எவர்சில்வர் டப்பா

கப்பலில் வேலை பார்த்த மாமா ஒரு விடுமுறையில் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஓர் அம்பு தெரியும். அது காட்டும் பக்கம் நடந்தால் நாம் குறித்த இடம் வந்துவிடும். வெளிநாட்டில் இதை வைத்து ஒரு விளையாட்டே ஆடுகிறார்களாம். ஒருவர் டப்பாவை ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் சொல்வார். மற்றவர் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும்.

நான் ஆறாம் வகுப்பு. "நீயா கண்டுபிடிச்சா மிஷின் ஒனக்கு. யாராச்சும் சொல்லிக் குடுத்தா அது என்கூடக் கப்பலுக்கு வந்துரும்" என்றார் மாமா.

மாமா டப்பாவை ஒளித்திருந்தது வத்தலக்குண்டு சாலையில், ஒரு சுருட்டு முதலாளியின் பழைய பங்களாத் தோட்டத்தில். மாளிகைக்குக் கூரை போய்விட்டது. சுற்றிலும் தூங்குமூஞ்சி மரங்கள் காடாக வளர்ந்திருக்க, பூங்கா என்று ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அம்மாவின் அப்பா ஒரு காலத்தில் அங்கே வேலை பார்த்தவர். என்ன வேலை என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. மேனேஜர் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள், பையில் விடைத்தாள் கட்டோடு. பஸ்ஸில் நின்றே வந்ததில் கால் வீங்கியிருந்தது. அம்பு முன்வாசல் படிகளைக் காட்டியது. அம்மா படியேறாமல் சுவரோரமாகச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள். குறுக்கே போகலாமே என்று கேட்டேன்.

"இப்படியே பழகிருச்சு" என்றாள்.

மரங்களுக்கு அடியில் கருவி தடுமாறியது. அம்பு கிணற்றைக் காட்டும், உடனே வேம்பைக் காட்டும். பார்த்த இடங்களை நோட்டில் வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். ஒன்பது இடம் ஆகியும் டப்பா இல்லை.

"என்ன கேப்டன், கப்பல் தரை தட்டிருச்சா?" என்று மாமா சிரித்தார்.

வாட்ச்மேன் விசில் ஊதினார். பாத்திரம் தேய்க்கும் பழைய தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "செத்த நேரத்துல கேட்டப் பூட்டிருவாங்க. இந்தத் தொட்டிக்குப் பின்னாடி ஒரு செங்கல் ஆடும். உருவிப் பாரு."

செங்கல் ஆடியது. உள்ளே எவர்சில்வர் டப்பா. அதற்குள் ஒரு நோட்டு, ஒரு பேனா, காகிதத்தில் சுற்றிய இரண்டு பன்.

"மாமா ஒன்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு!" என்று அழுதேன். கருவி என் கையை விட்டுப் போய்விட்டது.

மாமாவின் சிரிப்பு நின்றிருந்தது. "நான் சொல்லல பாப்பா. அப்பா எங்களுக்கு வச்சுட்டுப் போற எடம் அது" என்றவர், அம்மாவிடம் திரும்பினார். "ஞாபகம் இருக்கான்னு பாத்தேன்க்கா."

"ஏலே, மறக்குற எடமா அது?"

ஆளுக்கொரு பன்னை எடுத்து நின்றபடியே தின்றார்கள். அத்தனை அவசரமாக அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நடுவில் இரண்டு முறை, கதவே இல்லாத சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டாள். நான் கை நீட்டினேன்.

"ஒனக்கு இது வேணாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

நோட்டில் பெயர் எழுதி, கீழே என் புகார்களையும் எழுதினேன். 1. அம்மா முன்பே கேட்டு வைத்துக்கொண்டாள். 2. மிஷின் போச்சு. 3. எனக்குப் பன் தரவில்லை. மாமா படிக்காமலே டப்பாவை உள்ளே தள்ளிச் செங்கலைச் செருகினார். இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை.

தாத்தா அந்தச் சமையலறையில் எடுபிடியாக இருந்தார் என்பதும், முதலாளியின் மேசையில் மிஞ்சியதை ஒளித்து வைத்துத்தான் பிள்ளைகளின் பசியை ஆற்றினார் என்பதும் எனக்குத் தெரியவந்தபோது நான் வேலைக்கே போய்விட்டிருந்தேன். வழிகாட்டும் மென்பொருள் எழுதும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரத்து அலுப்பெல்லாம் உடம்பில் இருக்க, அந்த நோட்டில் பன் தரவில்லை என்ற மூன்றாவது புகாரையாவது அடித்துவிட்டு வரலாம் என்று அங்கே போனேன். முன்வாசல் திறந்தே இருந்தது. சுவரோரமாகச் சுற்றித்தான் போனேன்.

தொட்டியைப் பழுது பார்த்து, ஆடும் செங்கல் இருந்த பின்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசியிருந்தார்கள்.