குடிக்காமலே தள்ளாடிய வீடு: ஒரு சங்கரன்கோவில் பயணம்

போன செப்டம்பரில் ஒரு மத்தியானம் மும்தாஜ் போன் செய்தாள். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்குப் போன பிறகு பெருநாளுக்கும் பொங்கலுக்கும் மட்டும் பேசிக்கொள்வோம். அன்று இரண்டும் இல்லை.

"ஏட்டி சுதா, நீ மூளை செல்லை வச்சுத்தானே வேலை பாக்க? ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். அவுகளை சவூதியில இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. வேலை நேரத்துல குடிச்சிட்டு ஆடுனாவளாம். அவுக அதைக் கையால தொட்டதுகூட இல்லட்டி."

நான் டாக்டர் இல்லை என்றேன். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியன், அவ்வளவுதான். எலியின் மூளையை மெல்லிய சீவலாக வெட்டி, அது சாகாமல் பார்த்துக்கொண்டு, கண்ணாடி ஊசியால் ஒவ்வொரு செல்லாகத் தொட்டு அதன் மின்துடிப்பைப் பதிவு செய்வது என் வேலை. செல்லின் சுவரில் நுண்ணிய வாசல்கள் உண்டு. கால்சியத்துக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக. அயன் சேனல் என்போம். அவை திறந்து மூடுவதால்தான் செல் துடிக்கிறது. அந்தத் துடிப்பை ஸ்பீக்கரில் போட்டால் காதாலேயே கேட்கலாம். இவ்வளவு தெரியும். மனிதர்களை என்ன செய்வதென்று தெரியாது.

"வந்து பாரு, அது போதும்" என்றாள்.

எழும்பூரிலிருந்து செங்கோட்டை போகும் இரவு ரயில் நேராகச் சங்கரன்கோவிலில் நிற்கும். ஸ்லீப்பர் டிக்கெட் நானூறு ரூபாய் சொச்சம். ராஜபாளையம் வரும்போது எழுந்து வலது பக்க ஜன்னலுக்கு மாறிக்கொள்ளுங்கள், விடிகிற வெளிச்சத்தில் மலை கூடவே வரும். இடது பக்கம் கரிசல், விதைப்புக்கு உழுது போட்டு ஆளே இல்லாமல் கிடந்தது. ஆறரை மணிவாக்கில் இறங்கினேன்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ எண்பது ரூபாய். தெருப் பெயரைச் சொன்னதும் டிரைவர் வண்டியைக் கிளப்பினார். மும்தாஜின் கணவர் பெயரைச் சொல்லி, ரஹீம் வீடு என்றதும் வண்டியின் வேகம் குறைந்தது.

"நான் முக்குல விட்டுருதேன்க்கா. நடந்து போயிருங்க."

"ஏன் அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. அந்த வீட்டுல என்னமோ இருக்குன்னு சொல்லுதாவ. போன வாரம் அந்த பாய் வாசல்ல நின்னாரு. காத்தே இல்ல, ஆனா மரம் மாதிரி ஆடுதாரு. நான்தான் போய்ப் பிடிச்சேன். வாய்ல ஒரு வாடையும் இல்ல. கண்ணு மட்டும்..." ஒரு விரலைத் தன் கண்ணுக்கு முன்னால் வெடுக் வெடுக்கென்று மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார்.

தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் அதிர்கிற சத்தம், ஆனால் கண்ணில் ஒரு மனிதர் படவில்லை. கதவைத் தட்டினேன். மும்தாஜின் மகள் ஷிபானா திறந்தாள். நாலாம் வகுப்பு படிக்கிற பெண். பள்ளி யூனிபார்மில், கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னையும் எனக்கு இடது பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, உங்க பக்கத்துல நிக்கது யாரு?"

திரும்பிப் பார்த்தேன். வெறும் தெரு.

"யாரும் இல்லையே கண்ணு."

"நிக்காங்க. உங்களை மாதிரியே இருக்காங்க. உங்க துப்பட்டாவையே போட்டிருக்காங்க."

வெயில் வந்துவிட்ட காலைதான். இருந்தும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். உள்ளேயிருந்து ரஹீமின் தாயார் ஓடிவந்தார். நானும் அவரை உம்மா என்றே கூப்பிடுவேன். ஏதோ ஓதிக்கொண்டே பிள்ளையை இழுத்து அணைக்கப் போனார். அதற்குள் ஷிபானா ஒரு அடி எடுத்து வைத்தாள், அந்தக் கால் வேறெங்கோ போனது. சுவரில் மோதிச் சரிந்தாள். "வாப்பும்மா" என்று பாட்டியைக் கூப்பிட்டது, வாயில் கூழை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் வந்தது.

நான் முதலில் பயந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு அவள் கண்ணைப் பார்த்தேன். கருவிழி மெல்ல மேலே நகர்ந்து, சட்டென்று கீழே வெட்டியது. மறுபடி மேலே, மறுபடி வெட்டு. பக்கத்தில் உட்கார்ந்து என் கையால் அவள் ஒரு கண்ணை மூடினேன்.

"இப்ப எத்தனை பேரு?"

"இப்ப நீங்க மட்டும்தான்."

கையை எடுத்தேன். "இப்ப?"

"அவங்களும் வந்துட்டாங்க."

இரண்டு கண்ணும் ஒன்றாக நிற்காததால் ஒரு ஆள் இரண்டாகத் தெரிகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் என் இடது தோளைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கச் சிரமமாக இருந்தது. போனை எடுத்து அவள் கண்ணையும் நடையையும் வீடியோ எடுத்தேன். உம்மா என்னை எரிப்பதுபோல் பார்த்தார்.

மத்தியானம் வரை அப்படியே இருந்தது. பிறகு தூங்கினாள். எழுந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் பிஸ்கட் கேட்டாள், நேராக நடந்தாள். அதைப் பார்ப்பது இன்னும் பயமாக இருந்தது.

அடுக்களையில் மும்தாஜ் மெதுவாகச் சொன்னாள். "இவளுக்கு இது மூணாவது தடவை. போன்ல சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா உண்மையாயிரும்னு பயம்."

"நேத்து ஏதாவது நடந்துதா?"

"மாமி சொன்னாவ, வெள்ளிக்கிழமை தர்காவுக்குக் கூட்டிட்டுப் போயி ஜின்னை விரட்டணும்னு. புள்ள ராத்திரி கண்ணே மூடல."

ரஹீமிடமும் கேட்டேன். பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார், நாற்பது வயதிருக்கும். சவூதியில் இரட்டை ஷிப்ட், தூக்கம் வராமலிருக்கக் கடுந்தேநீர், எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசர் போட்ட சத்தம். "அரை மணி நேரத்துல தரை சாஞ்சுட்டு தங்கச்சி. நான் நேராத்தான் நிக்கேன், பூமிதான் ஆடுது" என்றார்.

எனக்கு இது தெரிந்த நடை. எங்கள் ஆய்வகத்தில் பிறவியிலேயே ஒரு கால்சிய வாசல் பழுதான எலிகள் உண்டு. சாதாரண நாளில் அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கூண்டை மாற்றினால் போதும், அந்தக் கலக்கத்திலேயே தள்ளாடி விழும். பயந்தால் மூளைக்குள் நார்அட்ரீனலின் சுரக்கும். உடம்பின் நிதானத்தைக் காக்கிற சிறுமூளையின் பெரிய செல்களில், பிரேக் மாதிரி வேலை செய்கிற பொட்டாசிய வாசல்களை அது மந்தமாக்கிவிடும். நல்ல செல் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே நொண்டுகிற செல்லுக்கு அதோடு தாளம் போய்விடும். ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறேன். சீரான துடிப்பு திடீரென்று படபடவென்று வெடிக்கும், பிறகு மௌனம், பிறகு மறுபடி வெடிக்கும். அந்த எலியின் நடையைத்தான் காலையில் கதவோரம் ஒரு குழந்தையிடம் பார்த்தேன். இதை எப்படி அந்த வீட்டில் சொல்வது?

சாயங்காலம் பேச்சு முற்றியது. வெள்ளிக்கிழமை தர்காதான் என்று உம்மா பிடிவாதமாக இருந்தார். ரஹீம் எழுந்து வந்தார்.

"உம்மா, என்னை எங்கன வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க. புள்ளையைப் பயங்காட்டாதீங்க."

உம்மா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மக்கா. உன் மிஷின்ல ஜின் தெரியுமா?"

"தெரியாது உம்மா. பயம் தெரியும். ஒரு செல்லை பயம் என்ன செய்யும்னு காதால கேட்டிருக்கேன். பயத்துலதான் இவ விழுதா."

உம்மா ஷிபானாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "சரி. முதல்ல டாக்டர். நானும் வருவேன்."

எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் மூலம் திருநெல்வேலியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் மறுநாளே நேரம் கிடைத்தது. சங்கரன்கோவிலிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அடிக்கடி பஸ் உண்டு. குழந்தைக்காக வாடகைக் கார் எடுத்தோம், போய்வர இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்.

அந்த மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. வீடியோவை இரண்டு முறை பார்த்தார். ஷிபானாவைத் தன் விரலைப் பார்க்கச் சொன்னார். ரஹீமைத் தரையில் கோடு போட்டாற்போல் குதிகாலோடு விரல் ஒட்டி நடக்கச் சொன்னார். நல்ல நாளிலேயே அவருக்கு அது சரியாக வரவில்லை.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?"

"இல்லம்மா" என்றார் ரஹீம்.

"இருந்துது" என்றது உம்மாவின் குரல்.

எல்லோரும் திரும்பினோம். அவர் முக்காட்டை இழுத்து வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"இவன் வாப்பாவுக்கு. சில நாளு ஆடிக்கிட்டேதான் வீட்டுக்கு வருவாவ. பேச்சு குழறும். குடிகாரன்னு தெருவே சொல்லிச்சு. நான் வாயை மோந்து பாப்பேன் டாக்டரம்மா. வாடை இருக்காது. என்னமோ மாயம் பண்ணி மறைக்காவன்னு நெனச்சேன். ஒரு நாளு தறிக்காரர் திட்டி அனுப்பியிருக்காரு, ஆடிக்கிட்டே வந்து நின்னாவ. நான் கதவைச் சாத்திட்டேன். விடிஞ்சு கிணத்துலதான் எடுத்தோம்."

ரஹீமுக்கு அப்போது நாலு வயதாம். வாப்பா காய்ச்சலில் போனார் என்று சொல்லித்தான் அவரை வளர்த்திருக்கிறார்கள்.

மருத்துவர் எழுந்துவந்து உம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். தனக்கு என்ன சந்தேகம் என்று பிறகு விளக்கினார். தலைமுறை தலைமுறையாக இறங்குகிற நோய், கால்சிய வாசலின் ஜீனில் பழுது. ரத்தம் எடுத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார். இருவருக்கும் மாத்திரை தொடங்கினார். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, கேட்டால் நன்றாகக் கேட்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள், டீயைக் குறையுங்கள் என்றார்.

திரும்பும் வழியில் ஷிபானா தூங்கிவிட்டாள். உம்மா ஜன்னலோரம். ஊர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏ மக்கா, அன்னிக்கு அவுக வாசல்ல நிக்கும்போது ரெண்டு கதவு தெரிஞ்சிருக்குமோ? எந்தக் கதவைத் தட்டணும்னு தெரியாமத்தான் போயிட்டாவளோ?"

கார் டிரைவர் பாட்டை நிறுத்தினார். மறுநாள் மாலை அதே ரயில் பாதையில் சென்னைக்குக் கிளம்பினேன்.

ஜீன் பரிசோதனை முடிவு வர இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆனது. இருவருக்கும் பழுது அதே இடத்தில்தான். மாத்திரை கேட்கிறது. விரல் நுனி மரத்துப்போகிறதாம், பன்னீர் சோடா சப்பென்று இருக்கிறதாம். இரண்டுமே அந்த மாத்திரையால் வருவதுதான் என்று ரஹீம் இப்போது எனக்கே விளக்குகிறார். அதற்குப்பின் லேசாக ஒரே ஒருமுறை தரை சாய்ந்ததாம். ஷிபானாவுக்கு அரையாண்டுப் பரீட்சை அன்று கொஞ்சம் ஆட்டம் வந்திருக்கிறது. டீச்சர் பதறாமல் உட்காரவைத்துவிட்டு மறுநாள் எழுதச் சொல்லியிருக்கிறார். ரஹீம் ஊரிலேயே ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டார்.

உம்மா தர்காவுக்குப் போனார். பிள்ளையைக் கூட்டிப்போகவில்லை. தனியாகப் போய் பாத்திஹா ஓதிவிட்டு, அங்கே ஓதிக் கொடுக்கிற சீனியை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, ஒவ்வொரு தறிவீட்டு வாசலிலும் நின்று கொடுத்தாராம். கொடுக்கும்போது, "எங்க வீட்டு ஆளு குடிகாரர் இல்ல. தெரிஞ்சுக்கங்க. அது ஒரு நோயி" என்று மட்டும் சொன்னாராம். தறிச்சத்தத்தில் கேட்காதவர்களிடம் தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி சொன்னாராம்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் அறை கிடைக்காது, செப்டம்பர் நல்லது, ஆனால் பகல் வெயில் கொளுத்தும். கையில் நேரமிருந்தால் கரிவலம்வந்தநல்லூர் பக்கம் பஸ் ஏறுங்கள், அரை மணி நேரத்தில் கரிசலும் மலையும் ஒன்றாகத் தெரிகிற இடம் வரும். நான் போகவில்லை, மும்தாஜ் சொன்னாள்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் யாராவது பயந்தாலோ, கோபப்பட்டாலோ, தூக்கம் கெட்டாலோ தள்ளாடி, பிறகு தானாகச் சரியானால் அதைப் போனில் படம் பிடித்துவையுங்கள், கண்ணை நெருக்கமாக. மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் அந்த ஆட்டம் இருக்காது. நான் சொன்னேன் என்று யாரும் தானாக மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று மருத்துவர் கேட்டால் செத்துப்போனவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு நாம் மறைத்துவைத்த சாவுகளை முதலில் சொல்லுங்கள்.