சீனி இல்லாத கடை

அண்ணாச்சி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எதிரே பஞ்சும் ஊசியுமாக நர்ஸம்மா. வண்ணார்பேட்டையில் அவருடைய காப்பிக் கடைக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில், யாருக்கெல்லாம் தெரியாமலே சீனி வியாதி இருக்கிறது என்று பார்க்க முகாம் போட்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் என்று நினைவு. பெஞ்சு கொடுத்ததும் குடிக்கத் தண்ணீர் வைத்ததும் அண்ணாச்சிதான். விரலை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றார்.

"என் கடையில சீனி டப்பாவே கிடையாதும்மா. கட தொறந்த நாள்லேருந்து கருப்பட்டிதான். எனக்கு எங்கன இருந்து சீனி வரும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த நோய்க்கும் சீனி என்றுதான் பெயர். சீனி தின்றால் சீனி வரும், கருப்பட்டி பனையில் இருந்து வருவது, அது ஒன்றும் செய்யாது என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. டாக்டர் சீனியை நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று வாடிய முகத்தோடு வருகிறவர்களை அண்ணாச்சி உட்காரவைத்து, "நம்ம காப்பியக் குடியும் வே, ஒண்ணும் பண்ணாது" என்பார். நான் அங்கே காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். ஆற்றிக்கொண்டே முகங்களைப் பார்ப்பேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர்களுக்கு வரும் நிம்மதி எனக்கும் பிடிக்கும். அப்படி நம்பி நெடுநாள் குடித்தவர்களில் ஒருவர் மேலப்பாளையத்துப் பாய். கைலி வியாபாரம். காலில் புண் என்று கொஞ்ச நாளாக அவர் வரவில்லை.

"நீங்க நீட்டினாத்தான் பின்னால நிக்கவங்க நீட்டுவாங்க, அண்ணாச்சி" என்றார் நர்ஸம்மா. அதற்காகவே நீட்டினார். ஒரு சொட்டு. நர்ஸம்மா பார்த்தார், முகம் மாறி இன்னொரு விரலில் குத்தினார், பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். அந்த இளம் டாக்டர், தாகம் எடுக்குமா, என்ன குடிப்பீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "கருப்பட்டியும் ரத்தத்துக்குள்ள போனா சீனிதான் அண்ணாச்சி" என்று மெதுவாகச் சொன்னார்.

தனக்கு என்ன ஆகும் என்று அண்ணாச்சி கேட்கவில்லை. "அப்பம், ஏற்கெனவே சீனி உள்ளவங்க அதக் குடிச்சா?" என்று கேட்டார்.

"ஏறத்தான் செய்யும்."

அன்று மத்தியானமே கடையை அடைத்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு மேலப்பாளையம் போனார். பாய் காலை ஸ்டூலில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். பெரிய கட்டு. பெருவிரலை எடுத்துவிட்டார்களாம். அண்ணாச்சி வாசற்படியைத் தாண்டவில்லை.

"பாய், நான் சொன்னது தப்பு. கருப்பட்டியும் சீனிதானாம். எனக்கே இருக்காம்."

பாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"உம்ம பேச்சக் கேட்டா குடிச்சேன்? ருசிக்குல்லா குடிச்சேன். உள்ள வந்து இரியும் வே."

மறுநாளிலிருந்து அண்ணாச்சி ஒவ்வொருவரிடமும் "சீனி உண்டுமா?" என்று கேட்ட பிறகுதான் என்னைக் காப்பி ஊற்றவிட்டார். "உம்ம கடையிலதான் சீனியே கிடையாதே, பொறவு என்ன கேள்வி?" என்று கிண்டல் செய்வார்கள். அவர் சிரிக்க மாட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போயி பாத்துட்டு வாரும், பொறவு தாரேன்" என்பார். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. இப்போது தெருமுனைக்கே வண்டி வந்து பார்க்கிறார்கள். எனக்கும் வந்துவிட்டது, மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனால் "நாட்டுச்சர்க்கரைதான், ஒண்ணும் பண்ணாது" என்று யாராவது சொன்னால், கூச்சத்தை விட்டுவிட்டு அதுவும் சீனிதான் என்று சொல்லிவிடுகிறேன்.

அன்று பாய் வீட்டில் இருந்து திரும்பும்போது பஸ் ஏறாமல் நடந்தே வந்தோம். கொக்கிரகுளம் தாண்டியதும் அண்ணாச்சி நின்றார்.

"ருசிக்குக் குடிச்சாராம்லே" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்காவப் பொய் சொல்லுதாரு."